சாதகம் இல்லாத கைகள்

நான் இதுவரை பதினோரு பேரை மாரடைப்பால் கொன்றிருக்கிறேன். என் நாவல்களைத் தொடர்ந்து படித்தவர்கள் இந்தக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கக்கூடும்.

கதை எழுதுகிறவனுக்கு மாரடைப்பைப் போல ஒத்தாசையான வியாதி வேறில்லை. காசநோய்க்காரனைச் சாகடிக்கப் பத்து அத்தியாயமாவது வேண்டும். புற்றுநோய் என்றால் வாசகருக்கு முன்கூட்டியே ஜாடை காட்டி வைக்க வேண்டும். மாரடைப்புக்கு ஒரு பாரா போதும். சொத்துத் தகராறு தீரவில்லையா? மகளின் காதலுக்குத் தகப்பன் இசைய மறுக்கிறானா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயவேண்டியதுதான். உடனே டாக்டர் வருவார். நாடியைப் பிடிப்பார். இமையைத் தூக்கிப் பார்ப்பார். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு உதட்டைப் பிதுக்குவார். நர்ஸ் என்ன செய்வாள்? வெள்ளைத் துணியை முகத்தின் மேல் இழுத்துவிடுவாள். என் நாவல்களில் நர்ஸுக்கு அதற்குமேல் வேலை இருந்ததில்லை.

இது என் கற்பனையின் சோம்பேறித்தனம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். நம்முடைய ஆஸ்பத்திரிகள் பலவற்றின் நடைமுறையும் இதுதான் என்பதை மூன்று வருஷங்களுக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் தெரிந்துகொண்டேன்.

என் பெரியப்பா மகனை நெஞ்சுவலி என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். எனக்கு எட்டு வயது மூத்தவர். என் முதல் கதையைக் கையெழுத்துப் பிரதியிலேயே படித்துவிட்டு, “ஏண்டா, இதிலே ஒருத்தருக்கும் பசிக்கவே இல்லையே?” என்று கேட்டவர். அந்த ஊரையும் ஆஸ்பத்திரியையும் நான் பெயர் சொல்லிக் குறிப்பிடப் போவதில்லை. சொன்னால், அந்த ஒன்றைத் தவிர மற்ற ஆஸ்பத்திரிகள் எல்லாம் நிம்மதியாக மூச்சுவிடும். அந்த நிம்மதியை அவர்களுக்குத் தர எனக்கு விருப்பமில்லை.

மூன்றாம் நாள், விடிவதற்கு முன் நாலேகால் மணி இருக்கும். அண்ணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் துணைக்கு நான் இருந்தேன். அண்ணன் தண்ணீர் கேட்டார். பிளாஸ்க்கைத் திறக்கத் திரும்பினேன். மறுபடி பார்க்கும்போது அவர் தலை தலையணையிலிருந்து சரிந்திருந்தது. தொண்டையில் குறட்டை மாதிரி ஒரு சத்தம். நீளமாக இரண்டு மூன்று இழுப்பு. அப்புறம் அதுவும் இல்லை.

நான் கத்தினேன். நர்ஸ் ஓடிவந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயசிருக்கும். “ஐயா, ஐயா” என்று தோளைத் தட்டினாள். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியது. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. புரிந்த மறுகணம் அவள் வாசலை நோக்கி ஓடினாள். “டியூட்டி டாக்டரைக் கூட்டிட்டு வரேன் சார்!”

எதிர்ச் சுவரில் ஏதோ மருந்துக் கம்பெனி இனாமாகக் கொடுத்த கடிகாரம் ஒன்று மாட்டியிருந்தது. அதன் விநாடி முள் ஆறு முறை சுற்றி வந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நின்றேன் என்பதை அழுத்திச் சொல்லுகிறேன். எனக்கும் இரண்டு கைகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் பிளாஸ்க் இருந்தது.

மேல்மாடியிலிருந்து டாக்டர் ஓடிவந்தார். அவரும் சின்னப் பிள்ளைதான். ஒரு தள்ளுவண்டி வந்தது. அதன் இழுப்பறைச் சாவி வரவில்லை. சாவி வந்ததும் மின் அதிர்ச்சி கொடுக்கிற இயந்திரத்தின் ஒயர் சிக்கெடுக்கப்பட்டது. யார் அமுக்குவது, யார் மூச்சுப் பையைப் பிடிப்பது, யார் ஊசி போடுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து மணிக்கு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார். நான் எழுதியபடியே.

அந்த ஆஸ்பத்திரியின் முன்கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் அறிவிப்பு உண்டு. தங்கள் ஊழியர் அனைவரும் உயிர்காக்கும் அடிப்படைப் பயிற்சி பெற்றவர்கள் என்று அதில் பொன்னெழுத்தில் போட்டிருக்கும். பில்லுக்குப் பணம் கட்டிவிட்டு அதன் கீழே நான் நின்றுகொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது.

“எனக்கு நெஞ்சை அமுக்கத் தெரியும் சார்” என்றாள். “ஒரு நாள் கிளாஸ் வச்சாங்க. பொம்மை மேலே செஞ்சு காட்டினேன். பாஸ் பண்ணினேன். ஒன்றரை வருஷம் ஆச்சு. அப்புறம் ஒரு தடவைகூட செஞ்சதில்லே. சரியா வருமான்னு பயம். டாக்டர் சொல்லாம கை வச்சு எலும்பு ஏதாவது முறிஞ்சு போச்சுன்னா, ஏன் தொட்டேன்னு என்னைத்தானே சார் கேப்பாங்க?”

அவளை நான் கோபித்துக்கொள்ளவில்லை. என் அண்ணன் நிச்சயம் பிழைத்திருப்பார் என்றும் நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எவராலும் முடியாது. ஆனால் அவள் பேசிய அந்தச் சில வாக்கியங்களில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. ஒன்று: கையை ஒரு நாள் பழக்கிவிட்டு ஒன்றரை வருஷம் துருப்பிடிக்க விட்ட குற்றம். மற்றொன்று: பழக்கிய கைக்கு அதிகாரம் கொடுக்காத குற்றம். இரண்டும் அவள் செய்தவை அல்ல. செய்தவர்களோடுதான் எனக்கு வழக்கு.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இதயம் நின்றுவிட்டால் மூளைக்கு ரத்தம் போவது நிற்கிறது. நாலைந்து நிமிஷத்துக்குள் மூளை கெட ஆரம்பிக்கிறது. மின் அதிர்ச்சியால் மீட்கக்கூடிய துடிப்புக் கோளாறாக இருந்தால், எதுவும் செய்யாமல் கழிகிற ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை பறித்துக்கொண்டு போகிறது. இதற்குக் கைகண்ட முதல் உதவி, மார்பின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து செண்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல், நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை அமுக்குவதுதான். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலெழும்ப விடவேண்டும். இடையில் நிறுத்தக்கூடாது. கை ஓய்ந்துபோகும் என்பதால் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும். அதற்குள் இயந்திரம் வரவேண்டும். படித்தால் நாலு வரி. செய்தால்தான் தெரியும்.

இந்த வித்தைக்கு வயசு அதிகமில்லை. 1960-க்கு முன்னால் நின்ற இதயத்தை இயக்குவதென்றால் மார்பைக் கத்தியால் பிளந்து, உள்ளே கையை விட்டு, இதயத்தையே பிசையவேண்டும். சர்ஜனுக்கு மட்டுமே ஆகிற காரியம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அதை மாற்றினார்கள். மாற்றியவர்களில் முதல்வரான கோவன்ஹோவன் டாக்டரே அல்ல; மின்சார இன்ஜினீயர். அவருடன் வேலை செய்த நிக்கர்பாக்கர் என்ற இளைஞர், சோதனை நாயின் மார்பில் கனமான மின்தகடுகளை அழுத்தி வைக்கும்போதே, மின்சாரம் பாய்வதற்கு முன்பே, ரத்த அழுத்தம் ஏறுவதைக் கவனித்தார். ஜூட் என்ற சர்ஜன் அதை மனிதரிடத்தில் கொண்டுவந்தார். 1960 ஜூலையில் மூவரும் வெளியிட்ட கட்டுரையில் இருபது நோயாளிகளின் விவரம் இருந்தது. அவர்களில் பதினாலு பேர் பிழைத்தார்கள். யாரும், எங்கேயும் இதைத் தொடங்கலாம், இரண்டு கைகள் இருந்தால் போதும் என்ற கருத்தையும் அவர்கள் அதில் எழுதிவைத்தார்கள்.

அதே நகரத்தில் பீட்டர் சாஃபர் என்ற மயக்க மருந்து டாக்டர், வாயோடு வாய் வைத்து ஊதி மூச்சுக் கொடுப்பதைச் சோதித்து நிறுவினார். வைத்தியம் படிக்காதவர்களும் அதைச் செய்யமுடியும் என்று காட்டினார். பழகுவதற்கு ஒரு பொம்மை வேண்டியிருந்தது. நார்வேயில் ஸ்டவாங்கர் என்ற ஊரில் விளையாட்டுச் சாமான் செய்துகொண்டிருந்த லேர்டால் என்பவர் அதைச் செய்துகொடுத்தார். அவருடைய சின்ன மகன் ஒருமுறை தண்ணீரில் மூழ்கிச் சாகக் கிடந்தவன். தகப்பன் கையால் மீட்கப்பட்டவன். அந்தப் பொம்மைக்கு வைத்த முகம், பாரிஸில் சேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படுகிற, பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முகம். யாரும் காப்பாற்றாத ஒருத்தியின் உதட்டில் ஊதித்தான் உலகம் காப்பாற்றப் பழகியது. இதைவிடக் கசப்பான கதையை நான் எழுதியதில்லை.

இந்தச் சரித்திரத்தை நான் எதற்காகச் சொல்லுகிறேன் என்றால், சர்ஜனின் கத்தியிலிருந்து எல்லோருடைய உள்ளங்கைக்கும் இறங்கிவந்த வித்தை இது. கண்டுபிடித்தவர்களே அப்படித்தான் கொடுத்தார்கள். ஆனால் வாங்கிக்கொண்ட வைத்திய உலகம், பொன்னைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதுபோல் பூட்டப் பார்த்தது. பொதுமக்களுக்கும் இதைக் கற்றுக்கொடுக்கவேண்டும் என்ற பரிந்துரை அமெரிக்காவிலேயே 1974-ல்தான் அச்சேறியது. நம் நாட்டில் அந்தப் பெட்டியின் சாவி இன்னும் பல இடங்களில் டியூட்டி டாக்டரின் சட்டைப் பையில் இருக்கிறது. அவர் மேல்மாடியில் இருக்கிறார்.

அண்ணன் போன சில மாதங்களுக்குப் பிறகு, இந்தப் பயிற்சியை நடத்துகிற ஒரு டாக்டர் நண்பரிடம் போய், “எனக்கும் காட்டிக்கொடுங்கள்” என்றேன். பொம்மையைத் தரையில் கிடத்தினார். முழங்காலிட்டு அமுக்கினேன். சரியான ஆழத்துக்குப் போனால் அது ‘டக்’கென்று ஒரு சத்தம் போடும். முதல் அரை நிமிஷம் போட்டது. அப்புறம் நின்றுவிட்டது. நான் அமுக்கிக்கொண்டுதான் இருந்தேன், பொம்மைதான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நிமிஷம் முடிவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. வேகம் கூடிற்று, ஆழம் குறைந்தது, கையைத் தூக்கவே மறந்தேன். எனக்கு எல்லாம் தெரியும். புத்தகங்களைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். என் தலைக்குத் தெரிந்தது என் கைக்குத் தெரியவில்லை.

நண்பர் சிரித்தார். “டாக்டருங்களும் இப்படித்தான் சார். கிளாஸ் முடிஞ்ச அன்னிக்கு நல்லாச் செய்வாங்க. ஆறு மாசம் கழிச்சுக் கூப்பிட்டுப் பாருங்க, பாதிப் பேர் உங்களை மாதிரிதான் அமுக்குவாங்க” என்றார்.

இது அவருடைய தனி அபிப்பிராயம் அல்ல. உலகமெங்கும் பலமுறை சோதித்துக் கண்ட உண்மை. இந்தப் பயிற்சியில் பெற்ற கைத்திறன் சில மாதங்களிலேயே தேய்ந்துபோகிறது. மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் சரிவு தெரிந்துவிடுகிறது. ஆனால் பயிற்சிக்காகக் கொடுக்கிற அட்டையின் ஆயுள் பெரும்பாலும் இரண்டு வருஷம்! அதாவது, கை செத்த பிறகும் ஒன்றரை வருஷம் காகிதம் உயிரோடு இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சுவரில் நாம் பார்க்கிற பொன்னெழுத்து அந்தக் காகிதத்தின் கணக்குத்தான்.

நம்முடைய சங்கீதக்காரர்களுக்கு இந்த உண்மையை யாரும் சோதனைச்சாலையில் நிரூபித்துக் காட்டவேண்டியிருக்கவில்லை. அவர்கள் அதற்குச் சாதகம் என்று பெயர் வைத்தார்கள். அரங்கேற்றம் ஆகிவிட்டதே என்று மிருதங்கத்தை உறைக்குள் போட்டு ஒன்றரை வருஷம் மூலையில் வைத்துவிட்டு, ஒரு நாள் திடீரென்று நாலாயிரம் பேர் முன்னால் தனி ஆவர்த்தனத்துக்கு உட்காருகிற வித்வான் உண்டா? அரங்கேற்ற அழைப்பிதழைச் சட்டம் போட்டு மாட்டினால் அது வாசிக்குமா? அபஸ்வரம் தட்டினால் கச்சேரிதான் கெடும். அதற்கே விடியற்காலையில் எழுந்து உட்காருகிறோம். பிராணனை இழுத்துப் பிடிக்கிற கைக்கு மட்டும் ஒரு நாள் வகுப்பும் மத்தியானச் சாப்பாடும் ஒரு குரூப் போட்டோவும் போதுமா?

“இதெல்லாம் பெரிய தேசங்களின் பேச்சு, நமக்குக் கட்டுப்படியாகுமா?” என்று ஒரு குரல் எனக்குக் கேட்கிறது. சரி, பெரிய தேசத்தை விட்டுவிடுவோம். ஆப்பிரிக்காவில் தான்சானியாவின் வடபகுதியில் ஹேடம் என்ற கிராமப்புறம். அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பிறந்ததும் அழாத, மூச்சு விடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிஷத்துக்குள் மூச்சுக் கொடுப்பது எப்படி என்று 2010-ல் அங்கிருந்த மருத்துவச்சிகளுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஏழு மாதம் கழித்துப் பொம்மையை வைத்துச் சோதித்தபோது முன்னைவிட நன்றாகவே செய்தார்கள். ஆனால் பிரசவ அறைக்குள், நிஜக் குழந்தையிடத்தில், எந்த மாறுதலும் ஏற்பட்டிருக்கவில்லை. இந்த முடிவை அவர்கள் மூடி மறைக்கவில்லை, பகிரங்கமாக அச்சிட்டார்கள். அப்புறம் என்ன செய்தார்கள்? பொம்மையைப் பிரசவ வார்டிலேயே கொண்டுவந்து வைத்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை மூன்று முதல் ஐந்து நிமிஷம் பழகச் சொன்னார்கள். மாதத்துக்கு ஒருமுறை நாற்பது நிமிஷம் சேர்ந்து செய்து பார்த்தார்கள். வெளியூர் நிபுணர் இல்லை. தங்களுக்குள்ளேயே ஒருவர் சொல்லிக்கொடுத்தார். பிறந்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் இறக்கிற குழந்தைகள் ஆயிரத்துக்குப் பதினொன்றாக இருந்தது ஏழாகக் குறைந்தது. 2015-ல் இந்த விவரம் வெளிவந்தது.

ஆயிரத்துக்கு நாலு என்பது சின்ன எண் என்று நினைக்கிற தாய் யாராவது இருக்கிறாளா?

வாரத்துக்கு ஐந்து நிமிஷம்! நம்முடைய ஆஸ்பத்திரிகளில் ஷிப்ட் மாறும்போது காப்பி குடிக்கிற நேரத்தைவிடக் குறைவு. இன்று அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பலவற்றிலும் வார்டுக்குப் பக்கத்திலேயே பொம்மையை வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறிது நேரம் அமுக்கிப் பார்க்கச் சொல்லுகிற முறை வந்திருக்கிறது. இத்தனை ஆழம் போதவில்லை, இத்தனை வேகம் கூடாது என்று அந்த இயந்திரமே சொல்லிவிடுகிறது. சாதகத்தின் அருமையை அவர்கள் கண்டுகொண்டார்கள். அந்தச் சொல்லைச் சொந்தமாக வைத்திருக்கிற நாம் சர்டிபிகேட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

இரண்டாவது குற்றத்துக்கு வருகிறேன். அது முதலாவதைவிடக் கொடியது. ஏனென்றால் அதைத் தீர்க்கக் காசே வேண்டாம்; மனசு மட்டும் வேண்டும். நம்மிடம் காசாவது கிடைக்கும்.

நோயாளியின் பக்கத்தில் இருபத்துநாலு மணி நேரமும் இருப்பவள் நர்ஸ். அவன் சரியும்போது முதலில் பார்ப்பவளும் அவளே. அப்படியானால் முதல் நிமிஷம் அவளுடையது. அதை வேறு யாருக்கும் கொடுக்கமுடியாது. ஆனால் நம் ஆஸ்பத்திரிகளின் வர்ணாசிரமத்தில் டாக்டர் சொல்லாமல் நர்ஸ் எதையும் தொடக்கூடாது. நோயாளியின் தலையணையைத் திருப்பி வைத்ததற்குக்கூட “யாரைக் கேட்டுச் செய்தாய்?” என்று ரவுண்ட்ஸில் எல்லோர் எதிரிலும் கேட்கப்பட்டவள், விலா எலும்பு முறியக்கூடிய ஒரு காரியத்தைத் தன்னிச்சையாகச் செய்வாள் என்று எப்படி எதிர்பார்ப்பது? முறியத்தான் செய்யும், சில சமயம். முறிந்த விலா சேர்ந்துவிடும். போன மூளை திரும்பாது. இந்த ஒரு வாக்கியத்தை நிர்வாகம் அவளிடம் முகத்துக்கு நேரே சொல்லி, “நீ தொடங்கு, பொறுப்பு எங்களுடையது” என்று எழுத்தில் கொடுத்திருந்தால் அவள் அன்று ஓடியிருக்கமாட்டாள்.

இது புதிய புரட்சியும் அல்ல. 1960-களில் மேல்நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளுக்கென்று தனி வார்டுகள் தோன்றின. எடின்பரோவில் டெஸ்மண்ட் ஜூலியன் என்ற டாக்டர் 1961-லேயே அந்த யோசனையை வெளியிட்டார். அத்தகைய வார்டுகளின் வெற்றிக்கு இயந்திரங்கள் பாதிக் காரணந்தான். டாக்டர் வரும்வரை காத்திராமல் நர்ஸே மின் அதிர்ச்சி கொடுக்கலாம் என்று அதிகாரத்தைக் கைமாற்றியது மற்றப் பாதி. நாம் இயந்திரத்தை இறக்குமதி செய்தோம். அதிகாரத்தைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வந்தோம்.

இன்னொரு கதையும் உண்டு. சாஃபர் பிறகு பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் போனார். 1966-ல் அவருடைய சிறு வயது மகள் ஆஸ்துமாவில் இறந்துபோனாள். உலகத்துக்கே மூச்சுக் கொடுக்கக் கற்பித்தவரின் மகள்! மறு வருஷம் அந்த நகரத்தின் கறுப்பர் குடியிருப்பில், வேலை கிடையாது, எதற்கும் லாயக்கில்லை என்று சமூகம் தள்ளிவைத்திருந்தவர்களைச் சேர்த்து, முந்நூறு மணி நேரம் போல் பயிற்சி கொடுத்து, ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது. அதற்குப் பயிற்சித் திட்டம் வகுத்தவர் சாஃபர். அதுவரை அந்த ஊரில் நோயாளியைப் போலீஸ் வண்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போவார்கள். இவர்களோ தெருவிலேயே உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். 1975-ல் நகர நிர்வாகம் அந்தச் சேவையை எடுத்துக்கொண்டு, காலப்போக்கில் அவர்களில் பெரும்பாலோரை வெளியே தள்ளியது. அது அந்த ஊரின் வெட்கம். நாம் எடுத்துக்கொள்ளவேண்டிய பாடம் வேறு. திறமை பட்டத்தில் இல்லை; பழக்கிய கையிலும், அந்தக் கையை நம்பியதிலும் இருந்தது. தெருவில் நின்றவனை நம்பி அங்கே செய்யமுடிந்ததை, நாலு வருஷம் நர்ஸிங் படித்துவிட்டு வந்த பெண்ணை நம்பி இங்கே செய்யமுடியாதா?

டாக்டர்கள் என்மேல் கோபப்படக்கூடாது. அவர்களுக்கும் இதே சாதகம் வேண்டும் என்றுதான் சொல்லுகிறேன். அன்று ஓடிவந்த அந்த இளைஞரை நான் மறக்கவில்லை. அவர் கையும் நடுங்கியது. அவரையும் யாரும் பழக்கியிருக்கவில்லை. பெரிய டாக்டர்களின் சங்கடம் வேறு மாதிரி. நர்ஸுகள் பார்த்துக்கொண்டிருக்கத் தரையில் முழங்காலிட்டு ஒரு பொம்மையின் நெஞ்சை அமுக்கி, அது ‘டக்’கென்று சத்தம் போடாமல் மானத்தை வாங்கிவிட்டால் என்ன செய்வது? ஆகவே வகுப்பு என்றால் அவர்களுக்கு அன்று அவசர ஆபரேஷன் வந்துவிடுகிறது. ஆனால் இந்தக் காரியம் ஒருவர் செய்வதல்ல, கூட்டாகச் செய்வது. தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்கிறவன் இருக்கிறான். முட்டுக்கட்டை போடுகிறவன் இருக்கிறான். குரல் கொடுக்கிறவன் இருக்கிறான். அவனவன் இடம் அவனவனுக்குத் தெரியும். தெரியாமல் தேரை நகர்த்தினால் சக்கரத்தின் கீழே ஆள் போய்விடும். டாக்டரும் நர்ஸும் அட்டெண்டரும் சேர்ந்து பழகாத ஆஸ்பத்திரியில் சக்கரத்தின் கீழே கிடப்பது நோயாளி.

எதிர்வாதங்கள் இரண்டு உண்டு. அவற்றில் நேர்மையானதற்கு முதலில் பதில் சொல்லுகிறேன். “எவ்வளவு பழகினாலும் பெரும்பாலோர் பிழைப்பதில்லையே?” உண்மை. ஆஸ்பத்திரிக்குள்ளேயே இதயம் நின்றவர்களில் வீடு திரும்புகிறவர்கள், நல்ல வசதியுள்ள அமெரிக்காவிலேயே ஏறக்குறைய நாலில் ஒருவர்தான். எல்லோரையும் அமுக்கவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. முற்றிய நோயில், போகட்டும் என்று தானும் குடும்பத்தாரும் டாக்டரும் முன்கூட்டியே பேசித் தீர்மானித்த கிழவரை அமைதியாகப் போகவிடுவதுதான் மரியாதை. ஆனால் அது முன்கூட்டியே எடுக்கிற முடிவு. நாலேகால் மணிக்குச் சாவி கிடைக்காததால் தானாக விளைவது முடிவு அல்ல. அந்த நாலில் ஒருவர் யார் என்று முன்னால் தெரியாத காரணத்தால்தான் நாலு பேருக்கும் கை வேண்டியிருக்கிறது.

இன்னொரு வாதம் நிர்வாகிகளுடையது. “பழக்கினால் இந்தப் பெண்கள் வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் போய்விடுகிறார்கள்.” போகட்டும். நீங்கள் கொடுக்கிற சம்பளத்தில் அவர்கள் போகாமலிருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் போகிற வரைக்கும் உங்கள் வார்டில்தானே நிற்கிறார்கள்? அந்த வார்டில்தானே எங்கள் அண்ணன்மார் படுத்திருக்கிறார்கள்?

திட்டங்கள் இல்லை என்று யாரும் சொல்லவேண்டாம். எழுதி வைப்பதில் நமக்கு ஈடு யார்? பிறந்த சிசுவுக்கு மூச்சுக் கொடுக்கப் பழக்குவதற்கென்றே மத்திய அரசு 2009-ல் ஒரு திட்டம் தொடங்கியது. வாயோடு வாய் வைக்கத் தயங்குகிற நம் ஜனங்களுக்காக, கையால் அமுக்குவதை மட்டும் கற்றுத்தருகிற எளிய முறையை நம்நாட்டு மயக்க மருந்து நிபுணர்கள் 2017-ல் வகுத்துத் தந்தார்கள். 2019-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில், மருத்துவக் கல்லூரியில் காலடி வைக்கிற மாணவனுக்கு ஆரம்பத்திலேயே உயிர்காக்கும் அடிப்படைப் பயிற்சி உண்டு. எல்லாம் நல்ல காரியங்கள். நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் தொடக்க விழாவுக்கு அடுத்த மாதம் என்ன நடக்கிறது, அதற்கடுத்த மாதம் என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. நாம் விதைப்பதில் சூரர்கள். தண்ணீர் ஊற்றுவதை அடுத்த ஆள் பார்த்துக்கொள்வான் என்று வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள்.

ஆகவே, இந்தக் கட்டுரையைப் படிக்கிற உங்களிடம் ஒரு காரியம் கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது அறை ஏ.சி.யா, டி.வி. உண்டா, கான்டீனில் இட்லி நன்றாக இருக்குமா என்று விசாரிக்கிறீர்கள். அதோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். “இந்த வார்டு நர்ஸ் கடைசியாகப் பொம்மையின் நெஞ்சை அமுக்கிப் பழகியது எந்த மாதம்? டாக்டர் வருமுன் அவள் தொடங்கலாம் என்று உத்தரவு இருக்கிறதா? வண்டியின் சாவி எங்கே?” முறைத்துப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். பத்துப் பேர் கேட்டால் முறைப்பார்கள். நூறு பேர் கேட்டால் பொம்மை வாங்குவார்கள்.

நான் இப்போது ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் பன்னிரண்டாவது ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற இடத்துக்கு வந்து நிற்கிறேன். பழைய பழக்கத்தில் பேனா டாக்டரைக் கூப்பிடப் போயிற்று. தடுத்து நிறுத்தினேன். அந்த நர்ஸ் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று, இரண்டு கையையும் கோத்து அவர் மார்பில் வைத்துவிட்டாள். அவர் பிழைப்பாரா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. அது கதையின் போக்கைப் பொறுத்தது. ஆனால் அவள் ஓடப்போவதில்லை. அவளை நிற்கவைக்க எனக்கு யாருடைய உத்தரவும் வேண்டியிருக்கவில்லை. நிஜ வார்டில் நிற்கிறவளுக்கும் வேண்டியிருக்கக்கூடாது.